பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டரைத் தேர்ந்தெடுத்து மீண்டும் தட்டச்சு செய்ய வைப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெட்டியைத் திறந்து, நாலைந்து விசைகளை அழுத்திப் பார்த்து, எதுவும் அசையாததால் "இது போய்விட்டது" என்று ஒதுக்கப்பட்ட போர்ட்டபிள் டைப்ரைட்டர்களில் பெரும்பாலானவை உண்மையில் பழுதானவை அல்ல. பல ஆண்டுத் தூசியும், உலர்ந்து பசையாகிப்போன பழைய எண்ணெயும் சேர்ந்து அவற்றைக் கட்டிப்போட்டிருக்கின்றன. என் கைக்கு வந்த பொறிகளில் உறுப்பு உடைந்து மாற்ற வேண்டியிருந்தவை மிகச் சிலவே. மற்றவையெல்லாம் சுத்தம் செய்ததும் எழுதத் தொடங்கிவிட்டன. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே ஒழுங்குமுறைதான்: முதலில் பார்க்க வேண்டும், பிறகு பூட்டுகளை விடுவிக்க வேண்டும், பிறகு தூசியெடுத்துக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகும் குறை இருந்தால் மட்டுமே திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள்தாம் நல்ல பொறிகளைக் கெடுக்கிறார்கள்.

எந்தப் பொறியைத் தேடுவது

போர்ட்டபிள் என்ற சொல் மேசையில் நிரந்தரமாக உட்காரும் பெரிய அலுவலகப் பொறிக்கு மாற்றாக, பெட்டியோடு தூக்கிச் செல்லக்கூடிய பொறியைக் குறிக்கிறது. 1912-இல் வந்த கரோனா 3 இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற முதல் பொறிகளில் ஒன்று. அதன் கேரேஜ் (தாளைப் பிடிக்கும் ரப்பர் உருளையோடு இடவலமாக நகரும் மேற்பகுதி) முன்புறமாக மடிந்து விசைப்பலகையின் மேல் படுத்துக்கொள்ளும். ஆனால் அதில் விசைகள் மூன்று வரிசைகளே இருப்பதால், பெரிய எழுத்துக்கு ஒரு ஷிப்ட், எண்களுக்கும் குறிகளுக்கும் இன்னொரு ஷிப்ட் என இரண்டைப் பழக வேண்டும். ரெமிங்டன் நிறுவனம் 1920-இல் நான்கு வரிசை விசைப்பலகையைப் போர்ட்டபிளுக்குக் கொண்டுவந்தது. 1935-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஹெர்மெஸ் பேபி, ஒரு பொறியை எவ்வளவு மெல்லியதாகச் செய்ய முடியும் என்பதைக் காட்டியது.

இவை சேகரிப்பில் வைக்க அருமையானவை என்றாலும், முதல் பொறியாக 1950-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். அக்காலத்தில் வடிவமைப்பு முதிர்ந்துவிட்டது. பொறிகளும் ஏராளமாகச் செய்யப்பட்டதால் உதிரிக்காக உடைத்த பொறிகள் இன்றும் கிடைக்கின்றன. ஒலிம்பியா எஸ்எம்3, எஸ்எம்9, ஹெர்மெஸ் 3000, ஸ்மித்-கரோனாவின் சைலன்ட், ஸ்டெர்லிங் வரிசைகள், ஒலிவெட்டி லெட்டரா 22, லெட்டரா 32 ஆகியவை புதியவருக்கு ஏற்றவை. மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்து 1950-இல் வெளிவந்த லெட்டரா 22 நான்கு கிலோவுக்கும் குறைவான எடை கொண்டது. 1954-இல் இத்தாலியின் கொம்பாசோ தோரோ வடிவமைப்பு விருதைப் பெற்றது. 1969-இல் வந்த சிவப்பு நிற வேலன்டைன் இன்று எல்லோரும் தேடும் பொறியாகிவிட்டது. ஆனால் அதன் உள்ளமைப்பு ஏறத்தாழ லெட்டரா 32-இன் உள்ளமைப்பே என்பதால், எழுதுவதற்காக வாங்குகிறவர் லெட்டராவையே வாங்கலாம்.

தேர்வின்போது பலர் கவனிக்காமல் விடுவது ஷிப்ட் முறை. சில பொறிகளில் ஷிப்டை அழுத்தினால் கேரேஜ் முழுவதும் மேலே எழும்; ஒலிம்பியா எஸ்எம்3 அப்படிப்பட்டது. வேறு சிலவற்றில் எழுத்துக்கம்பிகள் (நுனியில் எழுத்து பொறித்த, எழுந்து தாளை அடிக்கும் கம்பிகள்) இருக்கும் கூடை மட்டும் கீழே இறங்கும். எஸ்எம்9, ஹெர்மெஸ் 3000 ஆகியவை அவ்வகை. முதல் வகையில் சுண்டுவிரல் தூக்கும் பாரம் அதிகம். நாளும் பல பக்கம் எழுத நினைப்பவருக்கு இந்த வேறுபாடு பொறியின் நிறத்தைவிடவும் பெயரைவிடவும் முக்கியமானது.

எழுத்தின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். பைக்கா அளவில் ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்துகளும், எலைட் அளவில் 12 எழுத்துகளும் விழும். பழைய பொறிகள் பலவற்றில் எண் ஒன்றுக்குத் தனி விசையே இருக்காது. சிறிய எல் எழுத்தையே ஒன்றாக அடிப்பார்கள். சில பொறிகளில் சுழியத்துக்கும் விசை கிடையாது. அதைக் கண்டு விசை உடைந்து விழுந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நேரில் பார்க்கக் கிடைத்தால், முதலில் பொறியைத் தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். மேலோட்டமான பழுப்புத் துரு போய்விடும். செதில் செதிலாக உரியும் துரு இருந்தால் விட்டுவிடுங்கள். சட்டத்தில் விரிசலோ வளைவோ இருந்தால் அது கீழே விழுந்த பொறி. புதியவர் அதைத் தொடவே கூடாது. எழுத்துக்கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ரிப்பன் எனப்படும் மை நாடா சுற்றும் இரண்டு ஸ்பூல்களும் அவற்றைப் பிடிக்கும் திருகுமூடிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் தமக்கென்று தனி ஸ்பூல் வைத்திருந்ததால் அவை தொலைந்திருந்தால் தேடுவது கடினம். விசை ஒட்டுகிறது, கேரேஜ் மெதுவாக ஓடுகிறது, ரிப்பன் காய்ந்துவிட்டது போன்ற குறைகளுக்காக மட்டும் எந்தப் பொறியையும் நிராகரிக்காதீர்கள்.

தொலைவிலிருந்து வாங்குவதானால், எல்லா எழுத்துகளையும் சிறியது பெரியது என இரண்டு முறையிலும் அடித்த தாளின் படத்தையும், ரப்பர் உருளையின் படத்தையும், அடிப்பகுதியின் படத்தையும் கேளுங்கள். "நன்றாக வேலை செய்கிறது" என்ற ஒற்றை வரியை நம்ப வேண்டாம். விற்பவர் பொய் சொல்கிறார் என்பதல்ல காரணம். டைப்ரைட்டர் வேலை செய்வது எப்படி இருக்கும் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அனுப்பும் முறையிலும் விற்பவருக்கு நீங்களே வழி சொல்ல வேண்டும். கேரேஜை நடுவில் நிறுத்தி, வரி தொடங்கும், முடியும் இடங்களை முடிவுசெய்யும் இரு மார்ஜின் தடைகளையும் அதன் நடுவுக்கு நெருக்கி, கேரேஜ் பூட்டு இருந்தால் பூட்டச் சொல்லுங்கள். வரி மாற்றும் நெம்புகோலைச் சுற்றி மெத்தென்று பொதியச் சொல்லுங்கள், ஏனெனில் பயணத்தில் முதலில் முறிவது அதுதான். பெட்டிக்குள் பொறியைப் பிடிக்கும் கொக்கிகள் தூக்கிச் செல்லும் கைக்காகச் செய்யப்பட்டவை. பார்சலாக உருட்டி எறியப்படும் வேகத்தை அவை தாங்காது. எனவே பெட்டிக்குள் வெற்றிடம் இல்லாமல் அடைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் நாற்புறமும் மெத்தை வைத்து அனுப்பச் சொல்வதே பாதுகாப்பு.

ஒரு வேண்டுகோளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விசைகளை வெட்டியெடுத்து அணிகலன் செய்வதற்காகப் பழைய பொறிகளை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி மூடியும் உலோக வளையமும் கொண்ட விசைகள் உள்ள பொறி ஒன்று உங்களுக்குக் கிடைத்து, அதைச் சரிசெய்ய உங்களால் முடியாமல் போனால், தயவுசெய்து சரிசெய்யத் தெரிந்த ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். வெட்டிய விசையை யாராலும் மீண்டும் ஒட்ட முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது

பழுது பார்ப்பதற்கு முன் பொறியின் மூடியைத் திறந்து, ஒரு விசையை மிக மெதுவாக அழுத்திக் கவனியுங்கள். அரை மணி நேரம் இப்படிச் செலவிடுவது எந்தக் கையேட்டையும்விடப் பயன் தரும். விசை கீழே போகும்போது ஒரு நெம்புகோல் இழுபட்டு, எழுத்துக்கம்பி எழுகிறது. எல்லா எழுத்துக்கம்பிகளும் செக்மென்ட் எனப்படும் அரைவட்ட உலோகத் துண்டில் வெட்டப்பட்ட குறுகிய பள்ளங்களில் ஆடுகின்றன. கம்பியின் நுனி ரிப்பனை அடையும் தறுவாயில், அதன் அடிப்பகுதி பின்னாலுள்ள ஒரு வளைந்த பட்டையைத் தள்ளுகிறது. அந்தப் பட்டை அசைந்தால் எஸ்கேப்மென்ட் அசையும்.

எஸ்கேப்மென்ட் என்பது பற்களுள்ள ஒரு சிறு சக்கரமும் இரண்டு கொக்கிகளும்தான். கேரேஜை ஒரு சுருள்வில், இழுவை நாடா மூலம் எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பைத் தடுத்து நிறுத்துவது சக்கரத்தின் பல்லில் மாட்டியிருக்கும் கொக்கி. விசையை அழுத்தும்போது முதல் கொக்கி விலகி இரண்டாவது கொக்கி பல்லைப் பிடிக்கிறது. விசையை விடும்போது பிடி மீண்டும் முதல் கொக்கிக்கு மாறுகிறது, அந்த மாற்றத்தில் சக்கரம் சரியாக ஒரு பல் நகர்கிறது. கேரேஜும் ஓர் எழுத்தளவு நகர்கிறது. பொறியின் பின்புறம் டார்ச் வெளிச்சம் அடித்து, இடைவெளிக் கட்டையை மெல்ல அழுத்தி விட்டு இந்தக் கைமாற்றத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், கேரேஜ் தொடர்பான பழுதுகளில் பாதி உங்களுக்கு விளங்கிவிடும்.

அசையாத பொறியை முதலில் எப்படி அணுகுவது

கேரேஜ் நகரவில்லை என்றால் முதலில் பூட்டைத் தேடுங்கள். பெரும்பாலான போர்ட்டபிள்களில் கேரேஜைப் பூட்ட ஒரு சிறு நெம்புகோல் உண்டு. பல பொறிகளில் பூட்டினால் விசைகளும் அசையாது. அது கேரேஜின் ஓரத்திலோ, உருளைக்கு அடியிலோ, பக்கவாட்டிலோ இருக்கலாம். பூட்டு இல்லையென்றால் மார்ஜின் தடைகளைப் பாருங்கள்: கேரேஜ் வரியின் முடிவில் நின்றிருந்தால் விசைகள் இறுகிவிடுவது பழுதன்று, அது பொறியின் இயல்பு. மார்ஜின் விடுவிக்கும் விசையை அழுத்தினால் அல்லது கேரேஜை வலப்பக்கம் தள்ளினால் சரியாகிவிடும். அடுத்து, இரண்டு எழுத்துக்கம்பிகள் ஒன்றில் ஒன்று சிக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக இழுவை நாடா அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். கேரேஜைக் கையால் இரு பக்கமும் எந்த இழுப்பும் இல்லாமல் தள்ள முடிகிறது என்றால், நாடா அறுந்தோ கழன்றோ இருக்கிறது என்று பொருள்.

எந்த நிலையிலும் பலத்தைப் பயன்படுத்தாதீர்கள். டைப்ரைட்டரில் விரலின் இயல்பான அழுத்தத்துக்கு மேல் எதற்கும் தேவையில்லை. அதற்கு அசையாத உறுப்பு ஒன்று இருந்தால், ஏதோ ஒன்று அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தடையைக் கண்டுபிடிப்பதே வேலை.

கருவிகள்

திருகின் பள்ளத்தில் ஆடாமல் உட்காரும் தட்டை முனைத் திருப்புளிகள் மூன்று நான்கு அளவுகளில் வேண்டும்; பொருந்தாத திருப்புளி திருகின் தலையைச் சிதைத்துவிடும். நீண்ட மூக்குக் குறடு, இடுக்கி, ஸ்பிரிங்குகளை மாட்ட வளைந்த முனையுள்ள கம்பி, டார்ச், கடினமான பிரஷ் ஒன்று, மென்மையானது ஒன்று, பழைய பருத்தித் துணி, பசையைக் கரைக்க மினரல் ஸ்பிரிட் அல்லது நாப்தா, தையல் எந்திர எண்ணெய் ஒரு சிறு புட்டி ஆகியவை போதும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுங்கள். கழற்றிய திருகுகளை ஒரு தாளில், கழற்றிய இடத்தின் பெயரை எழுதி, அதன் மேலேயே வையுங்கள். நீளத்தில் அரை மில்லிமீட்டர் வேறுபடும் இரண்டு திருகுகள் இடம் மாறினால், நீளமானது உள்ளே ஏதோ ஒரு நெம்புகோலை முட்டி நிறுத்தும்.

சுத்தம் செய்தல்

இதுதான் வேலையின் பெரும்பகுதி. முதலில் வெளி உறையையும் அடிப்பலகையையும் கழற்றுங்கள். பிறகு திறந்தவெளியில் வைத்து, காற்றடித்தோ மென்மையான பிரஷால் தட்டியோ தூசியையும், அழிப்பான் துகள்களையும், முடிகளையும் வெளியேற்றுங்கள். உலர்ந்த நிலையில் போகும் அழுக்கெல்லாம் போன பிறகே திரவத்தைத் தொட வேண்டும். தூசி இருக்கும்போதே திரவம் ஊற்றினால் அது சேறாகிப் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது செக்மென்ட். விசையை அழுத்தியதும் எழுத்துக்கம்பி மெல்ல மேலே போய் அங்கேயே நின்றுவிடுவது அல்லது தயங்கித் தயங்கிக் கீழே இறங்குவதுதான் பழைய பொறிகளில் மிகப் பரவலான குறை. காரணம் அந்தக் குறுகிய பள்ளங்களில் படிந்த பசை. கடினமான பிரஷை மினரல் ஸ்பிரிட்டில் நனைத்து, பள்ளங்களின் திசையிலேயே மேலும் கீழுமாகத் தேயுங்கள். ஒரு கையால் தேய்த்துக்கொண்டே மறு கையால் அந்தந்த விசையை இருபது முப்பது முறை அடியுங்கள். அழுக்கு கரைந்து பழுப்பு நீராக வழியத் தொடங்கும். அதைத் துணியால் ஒற்றியெடுங்கள். தானாக உலரவிட்டால் கரைந்த பசை மீண்டும் அங்கேயே படியும். உலர்ந்த பிறகு மறுபடி செய்யுங்கள். முதல் சுற்றில் பாதி விசைகள் விடுபடும். பிடிவாதமான சில விசைகளுக்கு இரண்டு மூன்று நாள் தேவைப்படலாம், கைவிட வேண்டாம்.

விசை நன்றாக விடுபட்டதா என்பதை அறிய எளிய வழி: எழுத்துக்கம்பியை விரலால் உருளை வரை தூக்கி விடுங்கள். அது தன் எடையாலும் ஸ்பிரிங்காலும் சட்டென்று, தயக்கமில்லாமல் விழ வேண்டும். சுத்தமான பிறகும் ஒரு கம்பி மட்டும் தயங்கினால், அது பக்கத்துக் கம்பியோடு உராய்கிறதா, நுனி உள்ளே நுழையும் வழிகாட்டிப் பிளவில் இடிக்கிறதா என்று பாருங்கள். அப்போது காரணம் அழுக்கன்று, வளைவு.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வாங்கிய முதல் பொறியில் விசைகள் ஒட்டின. எண்ணெய் போட்டால் எல்லாம் ஓடும் என்று எண்ணி, செக்மென்ட் முழுவதும் எண்ணெய் விட்டேன். அன்று மாலை அது அற்புதமாக ஓடியது. சில வாரங்களில் எண்ணெய் தூசியைப் பிடித்துக் கெட்டியாகி, முன்பு ஐந்தாறு விசைகள் ஒட்டிய இடத்தில் ஏறத்தாழ எல்லா விசைகளும் ஒட்டின. அந்தப் பசையை எடுக்க எனக்கு ஒரு முழு வார இறுதி தேவைப்பட்டது. செக்மென்ட் உலர்ந்தே இயங்க வேண்டும். அங்கே எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. வீட்டில் எல்லாவற்றுக்கும் அடிக்கும் ஸ்பிரேக்கள் உலரும்போது மெல்லிய பிசினை விட்டுச் செல்பவை. டைப்ரைட்டருக்கு அவை ஏற்றவை அல்ல.

எண்ணெய் தேவைப்படும் இடம் மிகக் குறைவு: கேரேஜ் ஓடும் தண்டவாளங்கள், அதுவும் முதலில் துடைத்த பிறகு, ஒரு துளியைத் துணியில் தொட்டுப் பூசும் அளவே. பூசிய எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம்.

எழுத்துகளின் முகத்தைக் கடினமான பிரஷால் உலர்ந்த நிலையில் தேய்த்தாலே பழைய மை பெரும்பாலும் போய்விடும். ஓ, ஏ, டி போன்ற எழுத்துகளின் மூடிய வட்டங்களில் அடைத்த மையைப் பல்குச்சியின் முனையால் எடுங்கள். ஊசியால் குத்த வேண்டாம். தேய்க்கும்போது கம்பிகளுக்கு அடியில் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், இல்லையெனில் மைத்துகள்கள் நீங்கள் கழுவிய செக்மென்டுக்குள்ளேயே விழும். கரைப்பான்களைப் பயன்படுத்தும் வேலைகள் அனைத்தையும் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல், கையுறையோடு செய்யுங்கள்.

அறுந்த இழுவை நாடா

பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் இது புதியவரால் செய்யக்கூடிய பழுதுதான். பொறியின் பின்புறத்தில், பெரும்பாலும் இடப்பக்கத்தில், சுருள்வில் அடங்கிய ஒரு வட்டமான டப்பா இருக்கும். அதிலிருந்து புறப்படும் நாடா கேரேஜின் வலமுனையில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய நாடா போனால் அதற்குப் பதிலாக முறுக்கிப் பின்னிய மீன்பிடி நூல் அல்லது மெழுகு பூசிய தடித்த நூல் நன்றாக உழைக்கும்.

புதிய நூலின் ஒரு முனையை டப்பாவில், பழைய நாடா இருந்த துளையில் முடிச்சிட்டு மாட்டி, டப்பாவைச் சுற்றி நூலைச் சுற்றுங்கள். கேரேஜை இடப்பக்கக் கடைசிக்குத் தள்ளுங்கள். டப்பாவை விரலால் பிடித்தபடி, வில் இறுகும் திசையில் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிடியை விடாமல் நூலின் மறுமுனையைக் கேரேஜின் கொக்கியில் மாட்டுங்கள். இந்தச் சில விநாடிகளில் டப்பா கைநழுவினால் வில் முழுவதும் ஒரே வீச்சில் அவிழ்ந்து உள்ளே கழன்றுவிடக்கூடும் என்பதால், உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

மாட்டிய பிறகு மார்ஜின்களை முழுவதும் விரித்து, கேரேஜை வலப்பக்கக் கடைசிக்குக் கொண்டுபோய், இடைவெளிக் கட்டையை வரி முடியும் வரை அடியுங்கள். வரியின் கடைசி எழுத்து வரை கேரேஜ் தயங்காமல் போனால் இழுப்பு போதும். போகவில்லையென்றால் இன்னும் அரைச் சுற்று கூட்டுங்கள். தேவைக்கு மேல் இறுக்கினால் எஸ்கேப்மென்ட் தேயும், வரி மாற்றும் கையும் வலிக்கும்.

எழுத்து தாவுவதும் குவிவதும்

எழுத்துகளுக்கிடையே தேவையற்ற இடைவெளி விழுந்தால் பொறி தாவுகிறது என்கிறோம். எழுத்தின் மேல் எழுத்து ஏறினால் குவிகிறது என்கிறோம். குவிவதற்குப் பெரும்பாலும் காரணம் கேரேஜ் நகரத் தயங்குவது: தண்டவாளம் அழுக்கு, அல்லது வில்லின் இழுப்புக் குறைவு. தாவுவதற்கு முதல் காரணம் எஸ்கேப்மென்ட் கொக்கிகளில் அழுக்குப் படிந்து அவை உடனே திரும்பாமல் இருப்பது. அங்கே நாப்தாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இடைவெளிக் கட்டையை நூறு முறையாவது அடித்து, உலரவிடுங்கள். கொக்கியை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். அது தலைமுடி போன்றது, டார்ச் இல்லாமல் கண்ணில் படாது.

பொறியைக் குறை சொல்லும் முன் உங்கள் விரலையும் கவனியுங்கள். கணினி விசைப்பலகையில் பழகியவர்கள் விசையைக் கடைசி வரை அழுத்திப் பிடிக்கிறார்கள். டைப்ரைட்டர் விசையைச் சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல் தட்டி உடனே விட வேண்டும். எழுத்துக்கம்பி தன் வேகத்தாலேயே தாளை அடைகிறது. எழுத்துக்கு நிழல்போல் இரண்டாவது வடிவம் விழுவதும், அவ்வப்போது தாவுவதும் இப்படித் தட்டப் பழகியதுமே பலருக்கு நின்றுவிடும்.

ரப்பர்

பழைய உருளை கல்போல் இறுகியிருக்கும். அப்போது ஒலி கூர்மையாகும், முற்றுப்புள்ளி தாளைத் துளைக்கும், எழுத்து சீராகப் பதியாது. உடனடித் தீர்வு எளியது: எழுதும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாளை வைத்து அடியுங்கள். உருளையின் மேற்பரப்பு பளபளத்துத் தாள் வழுக்கினால், ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நுண்ணிய உப்புத்தாளால் மிக லேசாக, முழு நீளத்துக்கும் சீராகத் தேய்க்கலாம். நிரந்தரத் தீர்வு உருளைக்குப் புதிய ரப்பர் போடச் செய்வதுதான், அது அதற்கென்று உள்ள தொழிற்கூடங்களின் வேலை. உருளைக்கு அடியில் தாளைப் பிடிக்கும் சிறு உருளைகள் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் தாள் கோணலாக ஏறும். அவற்றின் மேல் வெப்பத்தில் சுருங்கும் மின்கம்பி உறையைப் பொருத்திச் சரிசெய்வது பலர் கையாளும் வழி. உறையின் உட்புறத்தில் ஒலியைக் குறைக்க ஒட்டப்பட்ட நுரைப்பஞ்சு பொடிந்து கருங்குழம்பாகியிருந்தால் முழுவதும் சுரண்டியெடுத்து, கம்பளித் துணியை வெட்டி ஒட்டுங்கள். விட்டுவைத்தால் அது மீண்டும் செக்மென்டில்தான் போய் விழும்.

ரிப்பன்

பெரும்பாலான போர்ட்டபிள்களுக்கு அரை அங்குல அகல ரிப்பன் பொருந்தும். அசல் ஸ்பூல் இருந்தால் அதைத் தூக்கியெறியாமல், புதிய ரிப்பனை அதிலேயே சுற்றிக்கொள்ளுங்கள். ரிப்பனின் இரு முனைகளுக்கு அருகிலும் ஒரு சிறு உலோக வளையம் இருக்கும். பல பொறிகளில் அந்த வளையம் முட்டும்போதுதான் ரிப்பன் தானாகத் திசை மாறும். வளையமில்லாத ரிப்பன் கடைசியில் இறுகி நின்றுவிடும். இருநிற ரிப்பனில் கறுப்பு மேலே இருக்க வேண்டும். புதிய ரிப்பன் மாட்டியும் எழுத்தே விழவில்லை என்றால், நிறம் மாற்றும் சிறு நெம்புகோல் ஸ்டென்சில் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் ரிப்பன் எழும்பாது, எழுத்து வெறும் தாளில் அடிக்கும். பல பொறிகளில் வெள்ளைப் புள்ளி அதைக் குறிக்கும்.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒரே கோட்டில் அமைவது

சிறிய ஹெச் எழுத்தையும் பெரிய ஹெச் எழுத்தையும் மாறி மாறி அடித்துப் பாருங்கள். இரண்டின் அடிகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பெரிய எழுத்து ஏறியோ இறங்கியோ இருந்தால், ஷிப்ட் நின்றுகொள்ளும் இடத்தை முடிவுசெய்யும் திருகுகள் கேரேஜுக்கோ கூடைக்கோ அருகில் இரு பக்கமும் இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, அடித்துப் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். இடப்பக்கம் திருப்பிய அளவே வலப்பக்கமும் திருப்பாவிட்டால் வரி முழுவதும் சாயும். திருப்பும் முன் அத்திருகு இருந்த நிலையை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் எழுத்து மட்டும் சாய்ந்து விழுந்தால் அந்தக் கம்பியைக் குறடால் வளைக்க வேண்டாம். அதற்கென்று தனிக் கருவிகளும் பழகிய கையும் தேவை. அந்தச் சாய்வோடு வாழ்வதே நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு பொறியின் எழுத்தையும் தனியே அடையாளம் காட்டுவது அதுதான்.

வெளித்தோற்றமும் பராமரிப்பும்

சொரசொரப்பான வண்ணப்பூச்சுக்கு மென்மையான பிரஷும் பாத்திரம் கழுவும் திரவத்தின் நுரையும் போதும். பளபளப்பான பூச்சை ஈரத்துணியால் துடைக்கலாம். ஆல்கஹால் சில வண்ணங்களையும், பிளாஸ்டிக்கையும், நிறுவனத்தின் பெயரெழுதிய பொன்னிற முத்திரைகளையும் கரைத்துவிடும். எனவே எந்தத் திரவமாயினும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் சோதியுங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாளால் தேய்த்து மறுவண்ணம் பூசுவதைத் தவிருங்கள். தேய்ந்த வண்ணம் அந்தப் பொறியை அடித்த கைகளின் சுவடு, அதை மறைக்க வேண்டியதில்லை.

பயன்படுத்தாத நாட்களில் தாளை விடுவிக்கும் நெம்புகோலைத் திறந்தே வையுங்கள். சிறு உருளைகள் ஓரிடத்தில் அழுந்தித் தட்டையாகாமல் இருக்கும். ஈரமான இடத்தில் மூடிய பெட்டி துருவை வளர்க்கும், ஆகவே உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். எல்லாவற்றையும்விட, வாரம் ஒரு பக்கமாவது அதில் அடியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் செக்மென்டில் பசை எளிதில் படியாது.

வேலை முடிந்த அன்று, எல்லா எழுத்துகளையும் இரண்டு நிலையிலும் அடித்த ஒரு தாளில் பொறியின் பெயரையும், வரிசை எண்ணையும், நீங்கள் செய்த பழுதுகளையும், நாளையும் அதே பொறியில் தட்டச்சு செய்து, பெட்டியின் மூடிக்குள் செருகி வையுங்கள். வரிசை எண் பெரும்பாலும் கேரேஜை ஒரு பக்கம் தள்ளினால் தெரியும் சட்டத்திலோ அடிப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அதை வைத்துப் பொறி செய்யப்பட்ட ஆண்டைச் சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியல்களில் தேடிக் கண்டுபிடிக்கலாம். அடுத்த ஆண்டு ஏதேனும் ஓர் எழுத்து மங்கினால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் உங்களிடம் இருக்கும். நாளை இந்தப் பொறி வேறு ஒருவர் கைக்குப் போனாலும், எங்கே எண்ணெய் விடவில்லை, எந்த நூலால் நாடா கட்டப்பட்டது என்பதை அவர் அதிலிருந்து தெரிந்துகொள்வார்.